பிரான்சைஸ் கொடுக்கலாமா? ஒரு தட்டுவடை செட் கடையின் கணக்கு

சேலத்தில் தட்டுவடை செட் கடை வைத்திருக்கும் எங்களிடம் வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் சட்னியில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இப்போது நேராக "பிரான்சைஸ் தருவீங்களா?" என்கிறார்கள், அதாவது எங்கள் பெயரிலும் பக்குவத்திலும் அவர்கள் காசில் ஒரு கடை போட அனுமதி. சாப்பிட்ட கையைக் கழுவும் முன்பே கேட்டவர்களும் உண்டு. இந்தக் கேள்வியோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டி, எங்களுக்கென்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சின்னதாக ஒரு கடை தொடங்கி, அது நன்றாக ஓட ஆரம்பித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தட்டுவடை செட் என்றால் என்ன என்று சேலம், நாமக்கல் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உள்ளங்கையில் பாதி அளவில், மொறுமொறுவென்று ஒரு தட்டை. அதன் மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டையை வைத்து மூடினால் ஒரு செட். பிளேட்டுக்கு ஐந்து செட். பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட் என்று வகை நீளும். எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். கையில் வாங்கிய சில நிமிடங்களில் சாப்பிட்டுவிட வேண்டும். விட்டால் நமுத்துப்போகும். அதனால் டெலிவரி ஆப் எல்லாம் எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்ததில்லை. கடையில் நின்று சாப்பிடுகிற கூட்டம்தான் எங்கள் வியாபாரம்.

அம்மாபேட்டையில் முதல் கடை. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஆரம்பித்தது. அஸ்தம்பட்டி பக்கம் இரண்டாவது கடை போட்டபோது அதை வீட்டுக்காரரின் தம்பி பார்த்துக்கொண்டார். அதுவும் நன்றாகப் போனதும், யாரோ எடுத்துப் போட்ட ரீல்ஸ் சுற்ற, போன்கள் வர ஆரம்பித்தன. கோவையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் செய்யும் முடிவில் இருந்தார்.

"அக்கா, எட்டு லட்சம் போடறனுங்க. கடையும் நானே பார்த்துக்கறன். நீங்க பேரும் சட்னிப் பக்குவமும் குடுத்தாப் போதும். மாசம் எவ்வளவு நிக்குமுங்க?"

எவ்வளவு நிற்கும் என்ற கேள்விக்கு வாய்க்கு வந்த தொகையைச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு மாதம் நிற்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு எவ்வளவு நிற்கும் என்பது வேறு கணக்கு. அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து அதைத்தான் போட்டுப் பார்த்தோம்.

எங்கள் கடையின் எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். ஜிஎஸ்டி போக, நாளுக்கு 9,000 ரூபாய் விற்பனை என்றால் மாதம் 2,70,000. தட்டை, காய்கறி, சட்னிச் சாமான், பிளேட் எல்லாம் சேர்த்துச் சரக்குச் செலவு 45 சதவீதம், அதாவது 1,21,500. வாடகை 22,000. மூன்று ஆட்களுக்குச் சம்பளம் 48,000. கரண்ட், கேஸ், தண்ணீர், சில்லறைச் செலவு 13,500. மீதி 65,000. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த 65,000 வியாபாரத்தின் லாபம் இல்லை. காலை பத்து மணியிலிருந்து சட்னிக்கு நிற்பது நான். மதியத்திலிருந்து இரவு கடை சாத்தும் வரை கல்லாவையும் கூட்டத்தையும் பார்ப்பது வீட்டுக்காரர். எனக்குப் பதிலாக ஒரு மாஸ்டர் போட்டால் 25,000. அவருக்குப் பதிலாகக் கல்லாவுக்கு நம்பிக்கையான ஒரு ஆள் 18,000. இரண்டையும் கழித்தால் 22,000. இதுதான் கடை சம்பாதிப்பது. மற்றதெல்லாம் நாங்கள் வாங்கிக்கொள்ளாத சம்பளம்.

இப்போது பிரான்சைஸ் எடுக்கிறவரை இதே இடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பெயரைப் பயன்படுத்துவதற்கு அவர் மாதாமாதம் எங்களுக்குக் கட்டும் பங்குதான் ராயல்டி. அது விற்பனையில் 6 சதவீதம் என்று வைத்தால் 16,200. ராயல்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 2,916. பல தொழில்களில் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உணவகத்துக்கு 5 சதவீத வரியில் அந்த வசதி கிடையாது, அப்படியே கைச்செலவு. ஆக 19,116 போய்விட்டது. 22,000இல் மிஞ்சுவது 2,884 ரூபாய். எட்டு லட்சத்தை வங்கியில் டெபாசிட் போட்டிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாக வட்டி வரும். பிரிட்ஜ் தேய்மானம், போர்டு, பெயின்ட் எதையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

அவரே மாஸ்டராகவும் கல்லாவாகவும் நின்றால்? மிஞ்சும். ஆனால் அது அவருடைய கூலி. அதற்கு எட்டு லட்சமும் போட்டு எங்களுக்கு ராயல்டியும் கட்டுவானேன்?

இதே கணக்கை நாளுக்கு 12,000 விற்பனைக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. வாடகையும் சம்பளமும் ஏறாமல் விற்பனை மட்டும் ஏறுவதால், ஆட்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து, ராயல்டியும் கட்டிய பிறகு நாற்பதாயிரத்துக்குமேல் நிற்கிறது. நடுவில் இருப்பது நாளுக்கு 3,000 ரூபாய், 75 பிளேட். கோவையில் அந்த 75 பிளேட் கூடுதலாக ஓடுமா? சேலத்தில் சாயங்காலம் ஆனால் தட்டுவடை செட்டுக்கு கால் தானாக வரும். கோவையில் சாயங்காலம் என்றால் தள்ளுவண்டிக் காளான். பல வருடப் பழக்கத்தில் வந்து நிற்கும் அம்மாபேட்டைக் கூட்டத்தை நாங்கள் எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுக்க முடியாது.

உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும் இந்த ஒரு கணக்கை முதலில் போடுங்கள். உங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் சந்தைச் சம்பளம் போட்டுக் கழித்த பிறகு, ராயல்டியும் கழித்த பிறகு, போட்ட முதலை மூன்று வருடத்தில் எடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் கொடுப்பதற்கு உங்களிடம் இன்னும் பிரான்சைஸ் இல்லை.

கணக்கு இப்படி வந்ததும் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "மூணாவது கடை நம்ம காசுலயே போடுவோம். ஆனா நீயும் வராத, நானும் வரமாட்டேன். தம்பியும் கூடாது. யாரோ ஒருத்தன் பிரான்சைஸ் எடுத்த மாதிரி நடக்கட்டும்." ஓமலூரில் போட்டோம். எங்கள் கடையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு பையனைப் பொறுப்பில் வைத்தோம். இந்தச் சோதனைக்கு ஆன செலவு எந்த ஆலோசகருக்குக் கொடுக்கும் பீஸையும்விட அதிகம், ஆனால் பலமடங்கு பிரயோஜனம்.

முதல் சிக்கல் கடை திறக்கும் முன்பே வந்தது. சட்னியை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அதுவரை எழுதியதே இல்லை. என் அக்கா மகன் ஒரு எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்து அடுப்படியில் வைத்துக்கொண்டு, நான் எதை எடுத்தாலும் "சித்தி, நில்லுங்க" என்று கையை நிறுத்தி எடை போட்டான். காலையில் ஒரு கை உப்பு 38 கிராம். சாயங்காலம் அதே கை 46 கிராம். அவனுக்குச் சிரிப்பு. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது: சாயங்காலத்துச் சட்னிக்கு நான் கொஞ்சம் தண்ணீர் கூட விடுகிறேன், கூட்டத்தில் சீக்கிரம் பரவ வேண்டும் என்பதற்காக. உப்பு அதற்கேற்ப ஏறுகிறது. மிளகாயும் அப்படித்தான். சேலம் லீ பஜார் சந்தையில் வாங்கும் மிளகாயின் காரம் மூட்டைக்கு மூட்டை மாறும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பூண்டைக் கூட்டுவேன், குறைப்பேன். இதை எப்படிக் கிராமில் எழுதுவது?

எழுத முடியாததை எழுதாமல் விடுவது என்று முடிவானது. மிளகாய், பூண்டு, உப்பு மூன்றையும் அம்மாபேட்டையிலேயே மொத்தமாக அரைத்து, கெட்டி விழுதாக, குளிர்பெட்டியில் ஓமலூருக்கு அனுப்பினோம். அங்கே செய்ய வேண்டியது ஒரு கிலோ விழுதுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து கரைப்பது மட்டும். பச்சைச் சட்னியை அப்படிச் செய்ய முடியவில்லை. புதினா கறுத்துப்போகிறது. அதை மட்டும் அங்கேயே, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் எல்லாம் எடை போட்டு, மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை அரைக்க வைத்தோம்.

ஒரு கடையைப் பல கடையாக்கும்போது எது மைய அடுப்படியில் முடிகிறது, எது கடையில் நடக்கிறது என்பதைப் பிரிப்பதுதான் பாதி வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அருண் ஐஸ்கிரீமை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் சென்னை ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கியது; பிறகு ஊர் ஊராக அவர்கள் பெயரில் பார்லர்கள் வந்தன. அங்கே கடைக்காரர் கையில் சுவை இல்லை. மூடிய டப்பாவில் வருகிறது, குளிர் குறையாமல் வைத்து விற்றால் போதும். கடையில் கைவேலை அதிகமுள்ள தொழிலிலும் முடியாமல் இல்லை. நேச்சுரல்ஸ் சலூன் 2000இல் சென்னையில் தொடங்கி பிரான்சைஸ் வழியாகத்தான் பரவியது. ஆனால் முடி வெட்டுகிற தொழிலில் ஆளைப் பழக்காமல் ஒன்றும் நடக்காது. உங்கள் தொழில் ஐஸ்கிரீம் பக்கமா, சலூன் பக்கமா என்று பாருங்கள். எங்களுடையது நடுவில் தொங்குகிறது: தட்டை ஐஸ்கிரீம், சட்னி சலூன்.

ஓமலூர் கடை நடக்க ஆரம்பித்த பிறகு வந்த சிக்கல்கள் நாங்கள் பயந்த மாதிரி இல்லை. கல்லாவில் கைவைப்பார்களோ என்று பயந்தோம், அது நடக்கவில்லை. தட்டை டின்னைத் திறந்தே வைத்திருந்தார்கள், அதுதான் நடந்தது. மழைநாளில் காற்றுப் பட்டு, செட் போடும் முன்பே தட்டை நமுத்திருந்தது. அம்மாபேட்டையில் டின்னை மூடச் சொல்லி யாரும் எழுதிப் போடவில்லை. நான் போகிற வருகிற போதெல்லாம் மூடிக்கொண்டே இருப்பேன். நீங்கள் அறியாமல் செய்துகொண்டிருக்கும் இந்த மாதிரி வேலைகள்தான் நீங்கள் இல்லாத கடையில் தெரியவரும். பெரிய டின்னுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பாக்கெட்டாக, ஒன்று தீர்ந்தால் அடுத்ததைப் பிரிக்கும்படி மாற்றினோம். அதன் பிறகு சொல்ல வேண்டியதே இருக்கவில்லை.

அப்புறம் பூண்டு. 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். ஓமலூர்ப் பையன் போன் போட்டு, "அக்கா, பூண்டு செட்டுல கொஞ்சம் கம்மி பண்ணிக்கட்டுமா?" என்றான். வேண்டாம், கொஞ்ச நாளைக்குப் பூண்டு செட்டையே நிறுத்திவிடு, விலை இறங்கட்டும் என்றேன். அவன் சம்பள ஆள், நஷ்டம் என் நஷ்டம், அதனால் கேட்டான். அவன் சொந்தக் காசைப் போட்டு எனக்கு ராயல்டியும் கட்டுகிறவனாக இருந்திருந்தால் கேட்டிருப்பானா? குறைத்திருப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் போர்டில் இருப்பது என் பெயர். இந்த ஒரு போனுக்குப் பிறகுதான் ராயல்டி முறை மேல் எனக்கு நம்பிக்கை குறைந்தது.

ராயல்டியில் இன்னொரு வம்பு இருக்கிறது. விற்பனையில் பங்கு என்றால் விற்பனை எவ்வளவு என்று தெரிய வேண்டும். கல்லாவில் எங்கள் க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு க்யூஆர் அட்டையை வைத்தால் முடிந்தது கதை. தட்டை பொய் சொல்லாது: ஒரு பிளேட்டுக்குப் பத்து தட்டை, ஆயிரம் தட்டை போயிருந்தால் நூறு பிளேட், உடைசல் போக. அதனால் ராயல்டியை விட்டுவிட்டு, சரக்கு விலையிலேயே எங்கள் பங்கை வைத்துக்கொள்வது எங்களுக்குச் சரியாகப்பட்டது. நன்றாக விற்றால் எங்களுக்கும் கூட வரும், விற்காவிட்டால் அவர் கழுத்தை நெரிக்காது. வெளியே மலிவாகத் தட்டை வாங்கிச் சேர்ப்பார்களே என்று கேட்பீர்கள். சேர்ப்பார்கள். அதனால் எங்கள் தட்டையின் அளவையும் அதில் போடும் எள்ளையும் கொஞ்சம் மாற்றி, பார்த்தாலே தெரியும்படி செய்தோம். பாக்கெட் போட்ட நொறுக்குத் தீனிக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனதும் இந்த முறைக்கு வசதியாகப்போனது.

இதற்கிடையில் பிரான்சைஸ் ஆலோசகர் ஒருவரும் வந்தார். பளபளவென்று ஒரு பிரசன்டேஷன். ஒரு வருடத்தில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது கடை. கடை எடுப்பவர் தொடக்கத்தில் கட்டும் தொகைதான் பிரான்சைஸ் பீஸ்; அந்த ஒவ்வொரு பீஸிலும் ஒரு பகுதி அவருடைய பங்கு. கடை திறந்த பிறகு அது ஓடுகிறதா என்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆலோசகர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அவருக்குப் பணம் எப்போது, எதிலிருந்து போகிறது என்பதைப் பாருங்கள். விற்றதும் காசு வாங்கிக்கொண்டு போகிறவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்பார்.

அவர் சொன்ன இன்னொரு திட்டம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலீடு போடுபவர் பணத்தை மட்டும் தருவார், கடையை நாங்களே நடத்துவோம், அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை உறுதி. ஃபோகோ என்று அதற்குப் பெயர். முதலாளி அவர், நடத்துவது கம்பெனி என்பதற்கான சுருக்கம். லாபத்தில் பங்கு என்றால் அது ஒரு வியாபாரம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அது டெபாசிட் வாங்குவதற்குச் சமமாகிவிடும் என்று எங்கள் ஆடிட்டர் எச்சரித்தார். அதற்குத் தமிழ்நாட்டில் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மத்திய அரசின் 2019 சட்டமும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஈமு கோழி வளர்ப்பில் மாத வருமானம் உறுதி என்று பணம் வாங்கி ஏமாற்றிய விஷயத்தில் 2012இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களைக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் ரிட்டயர்மென்ட் பணத்தை வைத்துக்கொண்டு, கடைப் பக்கமே வராமல் வருமானம் வேண்டும் என்று கேட்டவர்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: வேண்டாம் சார்.

சட்டம் என்றதும், ஆடிட்டர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னவை ரொம்பப் பயன்பட்டன. நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் வருட வணிகச்சின்னச் சட்டமும்தான் முதுகெலும்பு. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில், போட்டிச் சரக்கை விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம். குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று எழுதினால், ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு முன் அது நிற்பது கஷ்டம்.

இதை நம் பாஷையில் சொன்னால்: பிரான்சைஸ் எடுத்தவர் மூன்று வருடம் கற்றுக்கொண்டு, நான்காம் வருடம் போர்டை மட்டும் மாற்றி அதே இடத்தில் அதே தட்டுவடை செட் போடலாம். உங்கள் பெயரைப் போடக் கூடாது, அவ்வளவுதான். அதனால் அவர் நம்மிடமே இருப்பதற்கு ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது விழுதும் தட்டையும். அவர் தனியாகச் செய்தால் ஆகும் செலவைவிட எங்களிடம் வாங்குவது மலிவாகவும் ஒரே தரமாகவும் இருக்கும்வரை போகமாட்டார். அந்தக் காரணம் இல்லாதவர்கள் ஒப்பந்தத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் ஒன்றுதான்.

பெயர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வணிகச்சின்ன விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் அரசுக் கட்டணம் வகுப்புக்கு, அதாவது பொருள் அல்லது சேவை வகை ஒன்றுக்கு, 4,500 ரூபாய். எங்களுக்கு இரண்டு வகுப்பு தேவைப்பட்டது: தட்டை, முறுக்குக்கு 30, சாப்பாட்டுக் கடைக்கு 43. "தட்டுவடை செட்" என்பதை யாரும் தன் பெயராகப் பதிய முடியாது, அது பண்டத்தின் பெயர். உங்கள் கடைக்கே உரிய பெயர் வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு அரசின் வணிகச்சின்ன இதழில் வெளியான பிறகு ஆட்சேபம் சொல்ல மற்றவர்களுக்கு நான்கு மாத அவகாசம் உண்டு, அதனால் நாளை பதிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பதிவு முடியும் முன் வட்டத்துக்குள் ஆர் குறியைப் போர்டில் போடுவது குற்றம். டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி, உங்கள் எண்ணைப் பிரான்சைஸ் எடுத்தவர் தன் போர்டில் எழுதிக்கொள்ள முடியாது.

ஒப்பந்தம் என்றால் எல்லோரும் தொடக்கத்தைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். பிரியும் இடத்தைத்தான் நன்றாக எழுத வேண்டும். வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கூட்டு நிறுவனத்தில் 2013இல் சண்டை வந்தது. 2017இல் 169 கடைகளுக்கான உரிமத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. சமரசம் 2019இல்தான். அவர்களிடம் இல்லாத வக்கீலா? அப்படியும் ஆறு வருடம். நம்மால் ஆறு மாதம் கோர்ட்டுக்கு அலைய முடியாது. போர்டை யார், எத்தனை நாளில் இறக்குவது, கூகுள் மேப்பில் கடை யார் கணக்கில் இருக்கிறது, இன்ஸ்டா பக்கம் யாருடையது, கடை போன் நம்பர் யார் பெயரில், மீதிச் சரக்கை என்ன விலைக்குத் திரும்ப எடுப்பது. இவற்றையெல்லாம் முகம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள். மேப்பையும் இன்ஸ்டாவையும் முதல் நாளே உங்கள் மெயில் கணக்கில் தொடங்கிக் கொடுப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

சரி, கடைசியில் என்ன செய்தோம்?

கேட்டவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்காதவனுக்குக் கொடுத்தோம். ஓமலூர்க் கடையைப் பார்த்துக்கொண்ட பையன் சொந்தமாக ஏதாவது தொடங்க ஆசைப்பட்டான். அவன் மாமனார் ஊர் ஆத்தூர். டின்னை மூடத் தெரிந்தவன், பூண்டு விலை ஏறினால் போன் பண்ணத் தெரிந்தவன். பிரான்சைஸ் பீஸ் வாங்கவில்லை, ராயல்டியும் இல்லை. மூன்று வருட ஒப்பந்தம். தட்டையும் விழுதும் எங்களிடம் வாங்க வேண்டும், அதில்தான் எங்கள் பங்கு. பச்சைச் சட்னி அவன் பொறுப்பு. ஆத்தூர் நகராட்சி எல்லைக்குள் நாங்களே இன்னொரு கடை போடமாட்டோம் என்று நாங்களும் எழுதிக் கொடுத்தோம். இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறார்கள், கொடுப்பவர்கள் ஞாபகப்படுத்துவதும் இல்லை. விழுது விலையைப் பூண்டு, மிளகாய் மார்க்கெட் விலையோடு கட்டி, மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.

பீஸ் வாங்காதது பற்றி வீட்டில் நிறையப் பேச்சு. "ரெண்டு லட்சம் வாங்கியிருக்கலாம்" என்று தம்பி இன்னமும் சொல்கிறார். வாங்கியிருந்தால் அது அவன் கடையின் முதல் ஆறு மாத வாடகையும் அட்வான்ஸும். அதை நான் எடுத்துக்கொண்டு, கூட்டம் பழகும் முன்பே அவன் மூச்சுத் திணறினால் எனக்கு என்ன லாபம்? முதல் நான்கைந்து கடை வரைக்கும் பீஸ் வாங்குவதில்லை என்றுதான் இப்போதைக்கு என் எண்ணம். பத்தாவது கடைக்கு வாங்கலாம், அப்போது காட்டுவதற்குக் கணக்கு இருக்கும்.

எங்கள் பக்கமும் செலவு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மைய அடுப்படிக்குத் தனி இடம், பெரிய அரவை இயந்திரம், குளிர்பெட்டி, இரண்டு ஆட்கள். தட்டை பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடவைப்பதற்கு வரம்பு உண்டு. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் மொத்தத் துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. ஒரு கடையில் கண்ணால் பார்த்து எண்ணெய் மாற்றிவிடலாம். பல கடைகளுக்கு ஒரே இடத்தில் பொரிக்கும்போது அதற்கு ஒரு மீட்டர், ஒரு நோட்டு, எழுத ஒரு ஆள் வேண்டும். இந்தச் செலவுகளுக்கு ஆத்தூர் ஒரு கடை போதாது. நான்கு கடைக்காவது சரக்கு போனால்தான் மைய அடுப்படி தன் காலில் நிற்கும். அதுவரை அம்மாபேட்டைதான் அதைத் தூக்கிச் சுமக்கிறது.

கோவைக்காரர் எங்கள்மேல் கோபப்படவில்லை. அவரை உட்காரவைத்து 2,884 ரூபாய்க் கணக்கை அப்படியே காட்டினோம். அவர் அதை இரண்டு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். அப்புறம் எட்டு லட்சம் போடாமல், தள்ளுவண்டியில் அவர் பெயரிலேயே ஆரம்பித்தார். தட்டை மட்டும் எங்களிடமிருந்து பஸ் பார்சலில் போகிறது, முழுப் பணம் முன்கூட்டியே. காளான் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறாராம், அந்தக் கூட்டம் இங்கேயும் திரும்பும் என்று. விற்பனை ஏறிக்கொண்டிருப்பது பார்சல் மூட்டை கனப்பதிலேயே தெரிகிறது. "போர்டு எப்ப தர்றீங்கக்கா?" என்று ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு மெசேஜ் வரும். ஆத்தூரில் ஒரு வருடக் கணக்கு முடியட்டும், அந்த நோட்டையே உங்களிடம் காட்டுகிறேன், பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.